போர்ட்டிக்கோவின் மேல் எழுபது பேர்

உதயகலா யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று முதலில் அண்ணாந்து பார்ப்பாள். கல்யாண வீடு, செத்த வீடு எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். வாங்கோ என்று கூப்பிட்ட மனுசரைப் பார்க்க முன்னர் தலைக்கு மேலே போகும் பீமைப் பார்ப்பாள். அது எத்தனை அடி நீளம், எதில் தாங்கி நிற்கிறது, எங்கேயாவது வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று கண் ஒருமுறை போய் வந்த பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும். இதனால் எடுப்பும் தலைக்கனமும் பிடித்தவள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

எனக்கு அவளைப் பதினொரு வருடமாகத் தெரியும். மானிப்பாயில் எனது போட்டோக்கொப்பிக் கடையின் பின்பாதியில்தான் அவளுடைய வரைபட அலுவலகம். முன்னால் நான் பிரதி எடுப்பேன், பின்னால் அவள் வீடு வரைவாள். நடுவே ஒரு பலகைத் தட்டி. அவள் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். நான் வாடிக்கையாளருக்குப் புளுகினால் அவளுக்குக் கேட்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, வவுனியாவில் ஒன்பது வருடம் யாரோ ஒருவரின் கட்டடக் கொம்பனிக்கு மாடாக உழைத்துவிட்டு, இனி என் கையெழுத்தில் என் வேலை என்று வந்தவள். அந்தக் கையெழுத்தில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. ஒவ்வொரு கணக்கின் அடியிலும் முழுப் பெயரையும் எழுதுவாள், சுருக்க மாட்டாள்.

பீம் கணக்குக்கு அவளிடம் தானே கட்டிய ஒரு எக்செல் தாள் இருந்தது. வடிவமில்லாத சாமான். மஞ்சள் கட்டங்களில் எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டும். கொங்கிறீற் தட்டின் தடிப்பு, சுவரின் பாரம், கம்பியின் பருமன் ஒன்றும் தானாக வராது. அதில் ஏழாவது கட்டத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தாள்: ‘மேலே என்ன நடக்கும்?’ ஆட்கள் படுப்பார்களா, தண்ணீர்த் தாங்கி வருமா, நெல் மூட்டை அடுக்குவார்களா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, அதற்குரிய பாரத்தை அங்கே போட்டால்தான் தாள் அடுத்த வரிக்கு நகரும். இல்லாவிட்டால் சிவப்பாக நின்று முறைக்கும்.

போன வருடம் தை மாதத்தில் அவளுக்கு நெருக்கடி வந்தது. புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் ஒரு மணித்தியாலத்தில் கணக்கை முடித்து, நிறம் நிறமாகப் படம் போட்ட அறிக்கையும் கொடுத்தார்கள். உதயகலா ஒரு பீமுக்கு அரை நாள் எடுத்தாள், கொடுப்பது ஒரேயொரு கறுப்பு வெள்ளைத் தாள். எங்கடை ஆட்கள் கனத்தைப் பார்த்துத்தான் மதிப்பார்கள். கல்யாணக் கார்ட்டோ கம்பிக் கணக்கோ, கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் நாலு வேலை கை நழுவிப் போனது.

அதனால் மென்பொருள் தேட வெளிக்கிட்டாள். ஒரு மாதம் மூன்றைச் சோதித்தாள். சோதனைக்கு எடுத்தது தன் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு மேலே போகும் பீம். அதன் விடை அவளுக்குக் கைக்கணக்காகவே தெரியும். முதலாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பக்கம். நீளத்தையும் பாரத்தையும் அடித்தால் வளைவுப் படம் உடனே வரும். ஆனால் பீமின் சொந்தப் பாரத்தை, நாங்கள் கேட்டால் ஒழிய அது சேர்க்காது. “உடம்பை வீட்டிலை விட்டிட்டு வந்து தராசிலை ஏறுற மாதிரிக் கிடக்கு அண்ணை” என்று சிரித்து மூடினாள். இரண்டாவது, பெரிய கொம்பனிகள் பாவிக்கும் மென்பொருள். அதைப் பூட்டு உடைத்த பிரதியாகத்தான் இங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்கள். நானே கொண்டு வந்து கொடுத்தேன். தொட மாட்டேன் என்றுவிட்டாள். களவெடுத்த சாமான் பிழை விட்டால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது என்றாள்.

மூன்றாவதுதான் அவளுக்குப் பிடித்தது. வருடச் சந்தா, நேர்மையான சாமான். வீடு என்று தெரிந்தெடுத்து, கூரை என்று தெரிந்தெடுத்தால், மிச்சப் பாரங்களையெல்லாம் தானே நிரப்பிக்கொள்ளும். குசினி பீமின் விடையைத் தசமப் புள்ளி வரை சரியாகச் சொன்னது. அறிக்கை பதினேழு பக்கம், முழுக்க நிறம். அதை எடு, எடு என்று நானும் நச்சரித்தேன். பதினேழு நிறப் பக்கத்தை யாருடைய இயந்திரத்தில் அடிப்பாள்? என் ஆசை எனக்கு. இதை மறைத்து எழுதினால் எனக்கு நித்திரை வராது.

அந்த மென்பொருளில் அவள் செய்த மூன்றாவது வேலை இணுவிலில் பொன்னம்பலம் ஐயாவின் வீடு. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். கனடாவில் இருக்கும் மகள் அருந்ததியின் உதவியில் வீட்டின் முன்பக்கம் பெரிய போர்ட்டிக்கோ போட்டார். வான் வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டும் என்பதால் நடுவில் தூண் வேண்டாம் என்றார். அதனால் முன்பக்கத்தில் இருபத்திரண்டு அடிக்கு ஒரே பீம். மேலே தட்டையான கொங்கிறீற், சுற்றிவர அரைச் சுவர், பக்கத்தில் ஏறிப்போக ஒரு படிக்கட்டு. கொங்கிறீற் போட்ட அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். “தாங்குமோ பிள்ளை?” என்று ஐயா கேட்க, உதயகலா பாயாசக் கோப்பையோடு நின்று, “யானை ஏறினாலும் தாங்கும் ஐயா” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள்.

அடுத்த ஆனி மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம், பொன்னம்பலம் ஐயா கடைக்கு வந்தார். சனிக்கிழமை ஊர்க் கோயிலில் தேர். ஒரு அறிவித்தல் மட்டை அடித்துப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தரச் சொன்னார். அவர் எழுதிக் கொண்டுவந்த துண்டு இது: ‘மேலே தேர் பார்க்க வருபவர்கள் பாதணிகளைப் படிக்குக் கீழே கழற்றி விடவும்.’

நான் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். தேநீர்க் கோப்பையைக் கழுவ வந்த உதயகலா என் தோளுக்கு மேலால் திரையை வாசித்தாள். வாசித்துவிட்டு அப்படியே நின்றாள்.

“எத்தினை பேர் ஏறுவினம் ஐயா?”

“ஆர் எண்ணினது பிள்ளை? அறுவது, எழுவது வரும். மகளின்ரை மாமியாக்களே இருவது பேர். தேர் எங்கடை மூலையிலைதான் திரும்பிறது. திரும்பேக்கை எல்லாரும் முன்சுவரோடை நெருங்கி நிப்பினம். அதுக்குத்தானே அந்தத் தட்டைக் கட்டினது.”

அவள் உள்ளே போனாள். தட்டிக்குப் பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது, பிறகு விசைப்பலகை. ஐயா என்னோடு மகளின் விமானம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது முழுக்கப் பின்னால். அவள் அடிக்கிற வேகத்திலேயே ஏதோ பிழை என்று தெரிந்தது.

பதினேழு பக்க அறிக்கையில் நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு சிறிய வரி இருந்தது. கூரை, பராமரிப்புக்கு மட்டும் ஏறுவது. அதாவது, இலை கூட்ட ஒரு ஆள், தாங்கி பார்க்க ஒரு ஆள். அவள் கூரை என்று தெரிந்தெடுத்தபோது அந்தப் பாரம் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. அது சிவப்பாக நிற்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இணுவிலில் பிறந்த உதயகலாவுக்கு, தேர் திரும்பும் மூலையில் படிக்கட்டு வைத்துத் தட்டுக் கட்டினால் மேலே என்ன நடக்கும் என்று தெரியாதா? தெரியும். மென்பொருள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இப்போது பழைய எக்செல் தாளைத் திறந்து ஏழாவது கட்டத்தில் எழுபது பேரைப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்தபோது கையில் ஒரு தாள்.

“ஐயா, அந்த மட்டையை அடிக்க வேண்டாம். மேலை ஆட்களை ஏத்தாதேங்கோ. என்ரை கணக்குப் பிழை.”

கடையில் அப்போது இன்னும் மூன்று பேர் நின்றார்கள். வரைபடக்காரி தன் வாயால் பிழை என்று சொல்லிவிட்டாள், அதுவும் சனத்துக்கு முன்னால். அடுத்த பஸ்ஸில் ஊர் முழுக்கப் போய்விடும். நான் பதறிப்போய், “கொம்பியூட்டரிலை ஏதோ கோளாறு போல” என்று இடையில் புகுந்தேன்.

“கொம்பியூட்டர் பிழை விடேல்லை அண்ணை. கூரையோ எண்டு கேட்டது, நான் ஓம் எண்டனான்.”

ஐயா அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “விழுமோ?”

“விழும் எண்டு கணக்குச் சொல்லேல்லை. விழாது எண்டும் சொல்லேல்லை. ஆபத்துக்கெண்டு மிச்சமாய் ஒரு பலம் விடுறனாங்கள். எழுவது பேர் முன்னுக்கு வந்தால் அது முழுக்கப் போயிடும். அதுக்குப் பிறகு கம்பிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.”

“யானை ஏறினாலும் தாங்கும் எண்டது ஆர்?”

“நான்தான்.”

“பதினொரு வருசத்துக்குப் பிறகு என்ரை பிள்ளை வந்திருக்கிறாள். கனடாவிலை இருந்து தன்ரை காசிலை கட்டின வீட்டிலை ஏறி நிண்டு தேர் பார்க்க ஏலாது எண்டு நான் சொல்லுறதோ?”

“அண்டைக்கு மட்டும் பீமுக்குக் கீழை மூண்டு இரும்பு முட்டுக்கால் வைப்பம். மேலை இருவது பேர். அதுக்கு நான் பொறுப்பு.”

“சாமி வாற நேரம் வாசலிலை முட்டுக்கால். விழப்போற வீடு எண்டு ஊருக்குக் காட்டவோ?” அவர் குடையை எடுத்துக்கொண்டார். “நீர் உம்மடை வேலையைப் பாரும்.”

அவர் போன பிறகு நான் அவளை ஏசினேன். வாய் கூசாமல் ஏசினேன். இப்படி நாலு பேருக்கு முன்னால் உடைத்தா சொல்வது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, இனி யார் உன்னிடம் வீட்டுப் படம் கீற வருவார்கள் என்றேன். அவள் தாளை நாலாக மடித்து, திரும்ப விரித்து, மடித்தாள். “நீங்கள் சொல்லுறது சரிதான். ஆனால் சின்னப் பிள்ளையளும் ஏறுவினம் அண்ணை” என்றாள்.

வியாழனும் வெள்ளியும் அவள் மற்ற வேலை தொடவில்லை. அந்த மென்பொருளில் செய்த பதினொரு கட்டடங்களையும் பழைய தாளில் திரும்பப் போட்டாள். பத்து சரி. மேலே ஏறப் படி வைத்தது இது ஒன்றுதான். பொன்னம்பலம் ஐயாவுக்கு எட்டுத் தரம் தொலைபேசி எடுத்தாள், அவர் எடுக்கவில்லை. கட்டட அனுமதி தரும் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னாள். எழுத்தில் தரச் சொன்னார்கள், கொடுத்தாள். திங்கட்கிழமை பார்ப்பதாகச் சொன்னார்கள். தேர் சனிக்கிழமை என்று சொன்னாளாம். அன்றைக்கு அலுவலகம் இல்லையே என்றார்களாம்.

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு என் வாசலில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. அதன் பின்னால் இழுபடும் பெட்டியில் மூன்று இரும்பு முட்டுக்கால், இரண்டு பலகை, அவற்றுக்கு நடுவில் உதயகலா. “வாறியளோ அண்ணை?” என்றாள். போகாமல் இருக்க முடியுமா? அந்தப் பதினேழு பக்கத்தை அடித்தவன் நான்.

ஐயாவின் வீட்டு வாசல் கழுவிக் கோலம் போட்டிருந்தது. நிறைகுடம் வைக்க மேசை தயார். குலையோடு வெட்டிய வாழைகள் மதிலில் சாத்தியிருந்தன. லான்ட்மாஸ்டரைக் கண்டதும் ஐயா கேற்றுக்கு வந்து குறுக்கே நின்றார்.

“இந்த இரும்பைக் கொண்டு திரும்பிப் போம் பிள்ளை. நல்ல நாளிலை என்னைக் கதைக்க வைக்காதையும்.”

“நான் போகேல்லை ஐயா. முட்டுக்கால் வைக்க விடாட்டில் படியிலை குந்தியிருப்பன். என்னைத் தாண்டித்தான் ஆட்கள் ஏறோணும்.”

சொல்லிக்கொண்டே அவள் பெட்டியில் இருந்து குதித்தாள். பக்கத்து வீட்டு யன்னல் ஒன்று திறந்தது. அந்த நேரம்தான் ஐயாவின் மனைவி கேதீஸ்வரி அம்மா மாவிலைத் தோரணத்தோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், மதிலில் சாத்தியிருந்த வாழையைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ, அந்த வாழையைக் கேற்றிலை கட்டாமல் உந்த இரும்பிலை கட்டினால் ஆருக்குத் தெரியப்போகுது?”

ஐயா கேற்றில் இருந்து ஒரு பக்கம் விலகினார்.

கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை, நடுவில் மூன்று முட்டுக்கால்கள். ஒவ்வொன்றிலும் ஒரு திருகு வளையம் இருந்தது. அதைச் சுற்றினால் கால் உயர்ந்து பீமில் முட்டும். உதயகலா முட்டிய அளவோடு நிறுத்தினாள். இரண்டு விரலால் சுற்றினால் வளையம் இலேசாகச் சுழன்றது. எனக்கும் சுற்றிக் காட்டினாள். “இப்ப இதிலை பாரம் இல்லை அண்ணை. சும்மா நிக்குது.” பிறகு வாழைகளை வைத்துக் கட்டி, தோரணம் இழுத்தோம். உண்மையில் வாசல் முன்னையவிட வடிவாகத்தான் இருந்தது.

எட்டு மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. உதயகலா படியடியில் நின்று ஒவ்வொருவராக எண்ணி விட்டாள். வயது போனவர்களும் குழந்தைப்பிள்ளைக்காரரும் முதலில். இருபது ஆனதும் கையைக் குறுக்கே வைத்தாள். முணுமுணுத்தார்கள். ஒருவர், இவ ஆர் இஞ்சை காவல் என்று கேட்டார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பட்டுச்சேலையில் வேர்க்க வேர்க்க, அருந்ததி வந்தாள். கோயிலில் தீபாராதனை பார்த்துவிட்டு வரப் பிந்திவிட்டது. இருபத்தோராவது ஆள்.

பொன்னம்பலம் ஐயா நிறைகுடத்துக்குப் பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருவது முடிஞ்சுது அக்கா. குறை நினையாதேங்கோ.”

“இது எங்கடை வீடு” என்றாள் அருந்ததி. கோபமாகச் சொல்லவில்லை, விளங்காமல்தான் சொன்னாள்.

“ஓம் அக்கா. அதுதான்.”

அருந்ததி தகப்பனைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள். இந்தப் பொம்பிளைக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று அந்த ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தேன்.

தவில் சத்தம் கிட்ட வந்தது. அரோகரா என்ற ஒலி மூலையில் எழும்பியது. தேரின் முடி மரங்களுக்கு மேலே தெரிந்தது. “அண்ணை, படியிலை நில்லுங்கோ” என்று என்னை விட்டுவிட்டு உதயகலா போர்ட்டிக்கோவின் கீழே ஓடினாள். நான் கையை விரித்து நின்றேன். என்ன பிரயோசனம்? நாலு பெடியள் என் கைக்குக் கீழால் குனிந்து ஏறிப் போய்விட்டார்கள். இருபத்து நாலு.

தேர் திரும்பியது. மேலே நின்ற அத்தனை பேரும் ஒரே அடியாக முன்பக்க அரைச் சுவருக்கு வந்தார்கள். காலடிச் சத்தம் தட்டில் கேட்டது. வீதியில் எல்லோருடைய கையும் தலைக்கு மேலே. உதயகலா மட்டும் தேருக்கு முதுகு காட்டி, வாழை இலைக்குள் கையை விட்டு, நடு முட்டுக்காலின் வளையத்தைப் பிடித்திருந்தாள். இரண்டு விரலால் சுற்றப் பார்த்தாள். பிறகு முழுக் கையால். பிறகு இரண்டு கையாலும். அது அசையவில்லை.

“ஐயா” என்று கூப்பிட்டாள். உரத்துக் கூப்பிடவில்லை. “இதை ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ.”

அர்ச்சனைத் தட்டை மகளிடம் கொடுத்துவிட்டு அவர் வந்தார். வளையத்தைப் பிடித்தார். தபால் மூட்டை தூக்கிய கை அது. பல்லைக் கடித்துத் திருகினார், ஒரு நூல் அளவும் நகரவில்லை. அவர் மேலே பீமைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் சும்மா நின்ற இரும்பின் மேல் பீம் வந்து உட்கார்ந்திருந்தது. சாமி வாசலுக்கு வந்து கற்பூரம் காட்டும் வரைக்கும் அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.

தேர் போனது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், ஐயா எண்ணிக்கொண்டு நின்றார். கடைசிப் பெடியனும் இறங்கிய பிறகு உதயகலா திரும்ப வளையத்தில் இரண்டு விரலை வைத்தாள். இலேசாகச் சுழன்றது.

“இப்ப சுத்துது” என்றாள். அப்படியே வாழையோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். புதன்கிழமையில் இருந்து அடக்கி வைத்த அழுகை. கேதீஸ்வரி அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார்.

பொன்னம்பலம் ஐயா கொஞ்ச நேரம் அந்த வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இருவத்து நாலு பேருக்கு இப்பிடி” என்றார், யாருக்கென்று இல்லாமல். பிறகு என்னிடம் வந்தார்.

“பிரகாஸ், ஒரு மட்டை அடிக்க வேணும். முட்டுக்கால் வைக்காமல் மேலை ஏறக்கூடாது, வைச்சாலும் இருவது பேருக்கு மேல் ஏறக்கூடாது எண்டு போடும். அடியிலை உந்தப் பிள்ளையின்ரை பேரைப் போடும்.”

“என்ரை பேர் வேண்டாம் ஐயா” என்றாள் உதயகலா கீழேயிருந்து. “பிழை விட்ட பேர்.”

“அதுதான் பிள்ளை, அதைப் போட்டால்தான் நான் கேப்பன்.”

திங்கட்கிழமை அடித்துக் கொடுத்தேன். பெயரைச் சுருக்கவில்லை.